பட்டறை பதில்கள்: முதலில் தராசு, அப்புறம் பெட்டி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலைக்குப் போகிற வண்டிகளைப் பற்றியவை. கோடை வருகிறது, வேலூர் வெயிலிலிருந்து தப்பி ஓடுகிற ஆசை யாருக்குத்தான் இல்லை? ஸ்கூட்டர்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2019 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. லாங் டூருக்குத் தயார் செய்ய 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கிராஷ் கார்டு, ஹேண்ட் கார்டு, ஃபாக் லைட், இரண்டு அலுமினியப் பெட்டி, டாப் பாக்ஸ், பெட்ரோல் கேன் இரண்டு. எதை முதலில் வாங்கலாம்?
- காட்பாடி வாசகர்

பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் அதில் டயர் இல்லை, செயின் இல்லை, ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்கான கோன் செட் இல்லை. 31,000 ஓடிய வண்டியில் முதலில் காசு கேட்கப்போவது இவைதான்.

போன வருஷம் ஒரு பையன் இதே பட்டியலை அப்படியே வாங்கி, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் ஆட்டோவில் கொண்டுவந்து கொசப்பேட்டையில் என் பட்டறை வாசலில் இறக்கினான். மண்டித் தெருவில் எனக்குப் பழக்கமான அரிசி மண்டி ஒன்று உண்டு. "மாட்டறதுக்கு முன்னாடி நிறுத்துப் பாத்துடலாம் வா" என்று கூட்டிக்கொண்டு போனேன். மூட்டை போடுகிற தராசில் ஒவ்வொன்றாக வைத்தோம். கிராஷ் கார்டு ஆறரை கிலோ. பெட்டி மாட்டுகிற கம்பிச் சட்டம் ஆறு. காலி அலுமினியப் பெட்டி இரண்டும் சேர்ந்து பத்து. டாப் பாக்ஸ் தட்டோடு ஐந்தரை. லைட், வயர், கிளாம்ப் எல்லாம் ஒன்றரை. பெட்ரோல் நிரப்பினால் கேன் இரண்டும் பத்து. மொத்தம் முப்பத்தொன்பதரை கிலோ. மண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றரை சிப்பத்துக்கு மேல வருதேப்பா" என்றார். சிப்பம் என்றால் 25 கிலோ அரிசி மூட்டை. இன்னும் ஒரு துண்டுகூட உள்ளே வைக்கவில்லை. வண்டியே 200 கிலோவுக்குச் சற்றுத்தான் குறைவு. பையன் 60 கிலோ இருந்தால் அதிகம்.

தார் ரோட்டில் இந்த எடை தெரியாது. ஒடுகத்தூர் தாண்டி பீஞ்சமந்தைக்கு ஏறுகிற வழியில் வண்டி ஒருமுறை சாயட்டும், அப்போது தெரியும். தனியாகத் தூக்க முடியாத வண்டியைத் தனியாக மலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

அதனால் உங்கள் 40,000-ஐ இப்படிச் செலவு செய்யுங்கள். செண்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை உட்காரவையுங்கள். முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். ஹேண்டிலை ஒரே விரலால் மெதுவாக இடது வலது திருப்புங்கள். சக்கரம் நேராக வரும் இடத்தில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிற மாதிரி இருந்தால் கோன் செட் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பேரிங் குண்டு உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இடம் குழிந்துபோயிருக்கும். அதை இறுக்கிவிட்டுச் சரி என்று அனுப்புகிற மெக்கானிக்கிடம் இனி போகாதீர்கள். மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து, சின்ன ஸ்பேனரை எடுத்து ஸ்போக் கம்பிகளை வரிசையாகத் தட்டுங்கள். நல்ல கம்பி 'டிங்' என்று மணி மாதிரி பேசும். லூஸான கம்பி 'தட்' என்று மரக்கட்டை மாதிரி பேசும். ஒன்றிரண்டு என்றால் இறுக்கலாம். நாலைந்து பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வீலைக் கழற்றி, பெண்டு எடுக்கிறவரிடம் கொடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. டயரின் பட்டன் எவ்வளவு ஆழம் மிச்சம் இருந்தாலும் சரி, அத்தனை வருஷம் நம் ஊர் வெயிலில் நின்ற ரப்பர் கல்லாகிப் போயிருக்கும். மழையில் வழுக்கும்.

இதெல்லாம் முடித்த பிறகு கிராஷ் கார்டும், ஹேண்ட் கார்டும். ஹேண்ட் கார்டில் உள்ளே கம்பி ஓடி இரண்டு முனையிலும் போல்ட் பிடிக்கிற மாதிரி வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக், காற்றுக்குத்தான் தடுப்பு. கீழே விழுந்தால் கிளட்ச் லீவரைக் காப்பாற்றாது.

பெட்டி இப்போதைக்கு வேண்டாம். ஒரே ஒரு பையை சீட்டில் கட்டிக்கொண்டு, அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள். திரும்பி வந்ததும், என்ன இல்லாமல் கஷ்டப்பட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதுதான் உங்கள் பட்டியல்.

கேள்வி: எங்கள் ஊரில் தோலுக்குப் பஞ்சமில்லை. நல்ல தோலில் சைடு பேக் தைத்துக்கொள்ளலாமா, அல்லது அலுமினியப் பெட்டிதான் நல்லதா?
- ஆம்பூர் வாசகர்

தோல் பை பார்க்க அழகு, மறுக்கவே மாட்டேன். என்னிடமும் ஒன்று இருந்தது. மழையில் நனைந்ததும் தண்ணீரைக் குடித்து எடை ஏறியது. வார் இழுபட்டு நீண்டு பை கீழே தொங்கியது. சைலன்சரில் பட்டுத் தீய்ந்த வாசனை வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். அதற்கப்புறம் ஒரு வாரம் காயவைத்து, பூஞ்சணம் துடைத்து, எண்ணெய் பூசி... மாட்டை வளர்ப்பதே சுலபம்.

உங்கள் ஊரில் தோலைவிடப் பெரிய சொத்து, கனமான சரக்கைத் தைக்கத் தெரிந்த கைகள். நான் ஒரு பாயிடம் லாரி தார்ப்பாயில் ஒரு ஜோடி தைத்து வாங்கினேன். பையின் முதுகுப்பக்கம் மட்டும் உள்ளே ஒரு தகடு. இரண்டு பையையும் சீட்டுக்குக் குறுக்கே இணைக்கிற அகலப் பட்டை. வாய்ப்பகுதியை மூன்று சுற்றுச் சுருட்டி பக்கிள் போட்டால் தண்ணீர் இறங்காது. ஜோடி மூன்று கிலோகூட வரவில்லை. சைலன்சர் பக்கம் நாலு விரல் இடைவெளி இருக்கும்படி ஒரு கம்பி வளையம் கட்டாயம் வையுங்கள்.

அலுமினியப் பெட்டிக்குப் பூட்டு உண்டு, ஓட்டலில் கழற்ற வேண்டியதில்லை. தார் ரோட்டிலேயே போகிறவர்களுக்கு நல்லதுதான். மண்பாதைக்கு அது வேண்டாம் என்று நான் சொல்லக் காரணம் வேறு. அமிர்தி பக்கம் ஓடையைத் தாண்டும்போது கூட வந்த நண்பர், வண்டி ஆடுகிறதே என்று காலை ஊன்றினார். வண்டி முன்னால் நகர்ந்தது, பெட்டியின் மூலை பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலில் ஏறியது. கணுக்காலில் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. துணிப் பை என்றால் மடங்கியிருக்கும்.

எந்தப் பையானாலும் சரி, டூல்ஸ், டியூப் மாதிரி கனமானவை அடியிலும் முன்பக்கமாகவும். துணிமணி மேலே. டாப் பாக்ஸில் ஸ்பேனர் செட்டை வைத்துவிட்டு, ஹேண்டில் ஆடுகிறது என்று என்னிடம் வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேர்.

கேள்வி: தண்ணீர் பாட்டிலில் இரண்டு லிட்டர் பெட்ரோல் எடுத்துப் போகலாமா?
- பெயர் எழுதாத வாசகர்

கூடாது. பங்க்கிலும் தரமாட்டார்கள்.

கேள்வி: அண்ணா, என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அட்வென்ச்சர் வண்டி ஓட்ட ரொம்ப நாள் ஆசை. உயரத்தைக் குறைக்க பின் சஸ்பென்ஷனை இணைக்கிற லிங்க் ஒன்றை மாற்றினால் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
- வாணியம்பாடி வாசகி

லிங்க் மாற்றினால் பின்பக்கம் மட்டும் இறங்கும்மா. முன்பக்கம் அதே உயரத்தில் நிற்கும். அப்போது முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் இன்னும் படுத்துக்கொள்ளும், வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் வண்டியோடு மல்லுக்கு நிற்க வேண்டும். இன்னொன்று யாரும் சொல்லமாட்டார்கள்: வண்டி இறங்கியதும் சைடு ஸ்டாண்ட் நீளம் அதிகமாகிவிடும். வண்டி சாய்ந்து நிற்காமல் செங்குத்தாக நிற்கும். பக்கத்தில் லாரி போகிற காற்றுக்கே அந்தப் பக்கம் விழும். ஸ்டாண்டையும் வெட்டி வெல்டு வைக்க வேண்டிவரும்.

முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள். ஹிமாலயன் 411-இன் சீட் உயரம் 800 மில்லிமீட்டர். இந்த வகை வண்டிகளில் அது குறைவுதான். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? சீட்டில் கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்து உட்கார்ந்து, இடது பாதம் முழுசாக ஊன்றினால் போதும். வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். பட்டறை வாசலில் இதை ஒரு மணி நேரம் பழகினாலே பாதி பயம் போய்விடும்.

அதற்கும் மேல் வேண்டுமானால் சீட்டைப் பிரித்து, உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சை ஒரு அங்குலம் செதுக்கச் சொல்லுங்கள். நடுவில் செதுக்குவதைவிட, தொடை படுகிற இரண்டு ஓரத்தையும் செதுக்குவது முக்கியம். சீட் அகலமாக இருந்தால் கால் விரிந்து உயரம் வீணாகும். அப்புறம் ஷூ. வாணியம்பாடிக்காரர்களுக்கு ஷூவைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? கணுக்கால் மூடுகிற பூட்ஸில் ஒரு சோல் கூடுதலாகப் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அரை அங்குலம் அங்கேயே வந்துவிடும்.

கேள்வி: பின்னால் என் மனைவியும் சாமானும் ஏறினால் செயின் பக்கம் 'கரகர' சத்தம். செயின் லூஸ் என்று மெக்கானிக் நன்றாக இறுக்கிக் கொடுத்தார். இப்போது சத்தம் அதிகமாகிவிட்டது.
- ராணிப்பேட்டை வாசகர்

உடனே லூஸ் செய்யுங்கள். இந்தப் பதிலை முழுசாகப் படிப்பதற்கு முன்பே செய்யுங்கள், நான் காத்திருக்கிறேன்.

இந்த வகை வண்டிகளில் சஸ்பென்ஷன் நிறைய ஏறி இறங்கும். முன் பல்சக்கரம் ஒரு புள்ளி. பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் ஆடுகிற போல்ட் இன்னொரு புள்ளி. பின் ஆக்ஸில் மூன்றாவது புள்ளி. ஆள் இல்லாதபோது ஆக்ஸில் கீழே தொங்குகிறது. இருவரும் சாமானும் ஏறியதும் சீட் இறங்கி, மூன்று புள்ளியும் ஒரே நேர்க்கோட்டுக்கு வருகின்றன. செயின் போகவேண்டிய தூரம் அப்போதுதான் மிக அதிகம். ஸ்டாண்டில் நிற்கும்போது விறைப்பாக இருந்த செயின் அந்த நிலையில் வீணைத் தந்தி ஆகிவிடும். பள்ளத்தில் விழும்போது போக இடமில்லாமல் கியர் பாக்ஸிலிருந்து வெளியே வருகிற ஷாஃப்டின் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். அந்த பேரிங் போனால் இஞ்சினைப் பிரிக்க வேண்டும். 200 ரூபாய் வேலையில் ஆரம்பித்து இருபதாயிரத்தில் முடிந்த கதையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். நீங்கள் இருவரும் ஏறி உட்காருங்கள். மூன்றாவது ஆள் கீழ்ச்செயினின் நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் ஆட்டட்டும். அப்போதும் ஒரு விரல் தடிப்பாவது ஆட்டம் இருக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் என்பது கையேட்டில் இருக்கிறது, பல வண்டிகளில் ஸ்விங் ஆர்மிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள். ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் லூஸ் என்றால் செயின் ஒழுங்கில்லாமல் இழுபட்டிருக்கிறது. செயினையும் இரண்டு பல்சக்கரத்தையும் செட்டாக மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுச்செயினைத் தின்றுவிடும்.

கழுவ மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர். பெட்ரோல் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். செயின் கண்ணிகளுக்கு நடுவில் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கின்றன, உள்ளே இருக்கிற கிரீஸைக் காப்பது அவைதான். 90 நம்பர் கியர் ஆயிலைத் தொட்டு, உட்பக்கமாகத் தடவி, துணியால் துடைத்துவிடுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. மண்பாதை என்றால் அன்றன்று ராத்திரி.

அப்புறம், மனைவி ஏறும்போது பின் ஸ்பிரிங்கின் பிரீலோடை, அதாவது அதை முன்கூட்டியே அழுத்தி வைக்கிற அளவை, இரண்டு படி ஏற்ற மறக்காதீர்கள். ஸ்பேனர் டூல் கிட்டிலேயே இருக்கும். அதைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் அதிகம்.

கேள்வி: ஸ்போக் வீலை டியூப்லெஸ் ஆக்கித் தருகிறோம் என்கிறார்கள். பஞ்சர் தொல்லை விடுமா?
- வேலூர் கல்லூரி மாணவர்

பாலாற்றங்கரையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு வேலிக்காத்தான் முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஆசை புரிகிறது. ஆனால் டியூப்லெஸ் ரிம்மின் உள்பக்கத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும். காற்று குறைந்தாலும் டயர் உள்ளே வழுக்கி இறங்காமல் அந்த மேடுதான் பிடித்துக்கொள்ளும். டியூப் வீலில் பெரும்பாலும் அது கிடையாது. ஸ்போக் ஓட்டையை டேப் ஒட்டி அடைத்தால் காற்று நிற்கும், மேடு வராது. வளைவில் காற்று குறைந்து டயர் கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காசில் பஞ்சர் போடக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு டயர் லீவர், ஒட்டு, சொல்யூஷன், கைப்பம்பு, ஒரு ஸ்பேர் டியூப். முன்சக்கரத்து 21 அங்குல டியூபே போதும். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்திலும் திணித்து, மெதுவாக அடுத்த பஞ்சர் கடை வரை ஓட்டலாம். லீவர் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தால் பலத்தைக் காட்டாதீர்கள். எதிர்ப்பக்கம் டயரை முழங்காலால் அழுத்தி, அதன் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்குங்கள். இந்தப் பக்கம் தானாகத் தளரும். டயரின் உள்ளே முள்ளைத் தேட விரலை விடாதீர்கள். பழைய வேட்டித் துணியை உள்ளே சுற்றி இழுங்கள், முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். முள்ளின் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே இருப்பது சகஜம். அதை எடுக்காமல் மூடினால் ஐந்து நிமிடத்தில் மறுபடி உட்கார வேண்டும்.

மே மாதத்தில் இன்னொரு தப்பு நடக்கும். மத்தியானம் ஓட்டிவிட்டு வந்து காற்று அதிகமாக இருக்கிறதே என்று இறக்குவார்கள். சூட்டில் அளவு ஏறத்தான் செய்யும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்ப்பதுதான் கணக்கு.

கேள்வி: ஜூனில் நானும் தம்பியும் லடாக்கில் இருக்கிற லே போகிறோம். காட்பாடியிலிருந்து வண்டியை ரயிலில் அனுப்பலாமா? நம் ஊர் வண்டிக்கு அங்கே என்ன மாற்ற வேண்டும்?
- குடியாத்தம் வாசகர்

பார்சலில் போகும். பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிட வேண்டும், ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் வேண்டும். காட்பாடியில் ரயில் சில நிமிடங்கள்தான் நிற்கும். எந்த ரயிலில் ஏற்றுவார்கள் என்று பார்சல் ஆபீஸில் ஒரு வாரம் முன்பே நேரில் போய்க் கேளுங்கள். சென்னையில் புறப்படுகிற ரயிலில் ஏற்றினால் அவசரம் இருக்காது. கண்ணாடி, இண்டிகேட்டர் இரண்டையும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, டேங்கில் போர்வை சுற்றி, அதற்குமேல் சாக்குக் கட்டச் சொல்லுங்கள்.

வண்டியில் மாற்ற வேண்டியது குறைவு. உங்கள் வண்டி லிக்விட் கூல்டு என்றால் ரேடியேட்டரில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குறைந்தபோதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தால், ஏற்கெனவே உள்ளே உப்புப் படிந்திருக்கும். அங்கே ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போனால் உறைந்து விரிசலும் விடும். முழுசாக வடித்துவிட்டு நல்ல கூலண்ட் ஊற்றுங்கள்.

லே பக்கத்துக் கணவாயான கர்துங் லா 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் நம் சமவெளியில் இருப்பதில் பாதிதான். இஞ்சினுக்கும் பாதி, உங்களுக்கும் பாதி. வண்டி இழுக்கவில்லை என்று அங்கே மெக்கானிக்கைத் தேடாதீர்கள், சின்ன கியரில் பொறுமையாக ஏறுங்கள். லே ஊரே சுமார் 3,500 மீட்டர் உயரம். போய் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா படுத்திருங்கள்.

மணாலி வழியாகப் போனால் தண்டியில் பெட்ரோல் பங்க் வரும். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதிய பலகை அங்கே பிரபலம். 15 லிட்டர் டேங்க், மலையில் லிட்டருக்கு 25 என்று வைத்தால் 375. பத்துக் கிலோமீட்டரை நம்பி யாரும் இமயமலையில் ஓட்டமாட்டார்கள். ஐந்து லிட்டர் இரும்பு கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேண்டாம் என்று சொல்லாத ஒரே கேன் அதுதான்.

ஒரு கிளட்ச் கேபிளும் வாங்குங்கள். பையில் வைக்காதீர்கள். ஓடுகிற கேபிளின் பக்கத்திலேயே அதே வழியில் இழுத்து, இரண்டு முனையையும் டேப் சுற்றி மூடிக் கட்டிவிடுங்கள். குளிரில் விறைத்த கையோடு டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. இரண்டு முனையையும் மாற்றி மாட்டினால் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். பீஞ்சமந்தை இறக்கத்தில் எனக்குக் கேபிள் அறுந்தபோது என்னிடம் புதுக்கேபிள் இருந்தது. வீட்டு அலமாரியில்.

கேள்வி: ஃபாக் லைட்டை ஹெட்லைட் வயரிலேயே சேர்த்துவிட்டார் எலக்ட்ரீஷியன். சரியா?
- ஆற்காடு வாசகர்

தப்பு. 20 வாட்ஸ் லைட் இரண்டு என்றால் மூன்றரை ஆம்பியர் வரை இழுக்கும். அந்த ஒல்லி வயரும் சுவிட்சும் அதற்காகச் செய்ததல்ல, உருகும். பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ், ரிலே (சின்ன கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்), அப்புறம் லைட். ரிலேயை இயக்குகிற சின்ன வயரை மட்டும் சாவி போட்டால் கரண்ட் வருகிற வயரில் கொடுங்கள், சாவி எடுத்ததும் அணைந்துவிடும். ஊருக்குள் போடாதீர்கள், எதிரில் வருகிறவருக்குக் கண் தெரியாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் கட்டுப்பாடு உண்டு என்பதும் ஞாபகம் இருக்கட்டும். சத்தமான சைலன்சர் பற்றி எழுதிய மூன்று பேருக்கும் இதுவே பதில்.

கேள்வி: கிராஷ் கார்டு போல்ட் கழலாமல் இருக்க லாக்டைட் பசை போடுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கடையில் கொடுத்ததை நாலு போல்ட்டுக்கும் போட்டேன். இப்போது கழற்றவே முடியவில்லை. ஒரு போல்ட்டின் தலை வழுக்க ஆரம்பித்துவிட்டது.
- மேல்விஷாரம் வாசகர்

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், சிவப்பாக இருக்கும். நான் எழுதியிருக்க வேண்டியது நீலம். நீலம் போட்டால் அதிர்வில் கழலாது, ஸ்பேனருக்குக் கழலும். சிவப்பு, திரும்பக் கழற்றும் எண்ணமே இல்லாத இடத்துக்கு. நிறத்தை எழுதாமல் விட்டது என் பிழை.

வழுக்கின போல்ட்டை இனி தொடாதீர்கள். மற்ற மூன்றுக்கும், சால்டரிங் அயர்னை நன்றாகச் சூடாக்கி போல்ட் தலையில் ஐந்து நிமிடம் வைத்துப் பிடியுங்கள். சிவப்புப் பசை இளக 250 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். சூடு ஆறுவதற்குள் திருப்புங்கள். நெருப்பு காட்டாதீர்கள், பெட்ரோல் டேங்க் மேலேயே இருக்கிறது. நாலாவதற்கு ஒரு நட்டை வெல்டு வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். கூலி வேண்டாம். போல்ட் மட்டும் புதிதாக நாலு வாங்கி வாருங்கள்.